தபூக் முதல் கும்மிடிப்பூண்டி வரை: வெயிலின் வரலாறும் நம் கடமையும்

எல்லாப் புகழும் இறைவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

மே மாதம் 4ஆம் தேதியை ஒட்டி அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால், மாலைச் செய்திகளில் திருத்தணியின் பெயர் தவறாமல் இடம்பெறும். தமிழகத்தில் அன்றைய தினம் மிகுதியான வெப்பம் பதிவான ஊர்களின் வரிசையில் நம் திருவள்ளூர் மாவட்டத்து ஊர் ஒன்று நிற்பது நமக்குப் பழகிப்போன செய்தி. பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு ஆகிய ஊர்களில் வாழும் நம்மவர்கள் அதைக் கேட்டுவிட்டு இரண்டு வகையாகப் பேசுவதுண்டு. "இது வருடந்தோறும் வருவதுதானே" என்பது ஒன்று. "பொறுத்துக்கொண்டால் நன்மை உண்டு" என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல உள்ளத்திலிருந்து வரும் சொற்களே. ஆயினும், வெப்பத்தைப் பற்றிய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இவ்விரண்டு சொற்களும் பல உயிர்களைக் காவு கொடுத்திருப்பதை நாம் காண்கிறோம். வெப்பத்தை நம் மார்க்கம் எப்படி அணுகியது, நம் நாடு எப்படி அணுகியது, இன்று நம் ஜமாஅத்துகள் எப்படி அணுக வேண்டும் என்பதைக் காலவரிசையில் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மக்காவின் மணலும் தபூக்கின் பாதையும்

இஸ்லாமிய வரலாற்றில் வெயில் முதன்முதலில் நமக்கு அறிமுகமாவது ஒரு கொடுமைக் கருவியாகத்தான். ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்களை உமைய்யா பின் கலஃப் நண்பகல் நேரத்தில் மக்காவின் சுடுமணலில் கிடத்தி, மார்பின் மீது பாறையை ஏற்றி வைத்தான். யாஸிர் (ரலி), சுமைய்யா (ரலி), அவர்களின் மகன் அம்மார் (ரலி) ஆகியோரும் அதே வெயிலில் வதைக்கப்பட்டார்கள். குறைஷிகளில் கோத்திரப் பலம் உடைய முஸ்லிம்களை இவ்வாறு மணலில் கிடத்த எவரும் துணியவில்லை. அடிமைகளும், பாதுகாக்க ஆளில்லாதவர்களுமே வெயிலில் தள்ளப்பட்டார்கள். இதனை நாம் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. வெயில் எல்லோர் மீதும் ஒரே அளவில்தான் விழுகிறது. நிழல்தான் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பின்வந்த பதினான்கு நூற்றாண்டுகளிலும் இந்நிலை பெரிதாக மாறிவிடவில்லை.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் தபூக் பயணம் நிகழ்ந்தது. கடும் கோடை, பேரீச்சம் பழங்கள் கனிந்திருந்த பருவம், நெடுந்தொலைவு. இந்த வெப்பத்தில் புறப்பட வேண்டாம் என்று நயவஞ்சகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதையும், நரகத்தின் நெருப்பு இதனினும் கடுமையானது என்று அவர்களுக்குப் பதில் கூறப்பட்டதையும் அத்தவ்பா அத்தியாயத்தின் 81ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. இந்த வசனத்தைச் சிலர் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். வெயிலைக் காரணம் காட்டுவதே ஈமானின் பலவீனம் என்றும், வெயிலில் வாடுவதே தக்வா என்றும் அவர்கள் முடிவு செய்துவிடுகின்றனர்.

அவ்வசனம் கண்டிப்பது, சமுதாயத்தைக் காக்கும் ஒரு கடமையிலிருந்து தப்புவதற்காக வெயிலைச் சாக்காகக் கொண்டவர்களை. வெயிலிலிருந்து தன்னையும் பிறரையும் காத்துக்கொள்வதை அது கண்டிக்கவில்லை. இதற்கு நபி (ஸல்) அவர்களின் நடைமுறையே சான்று.

ஒரு பயணத்தின்போது முஅத்தின் லுஹருக்கு பாங்கு சொல்ல முற்பட்டார். வெப்பம் தணியட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அவரை நிறுத்தினார்கள். சற்று நேரம் கழித்து அவர் மீண்டும் முற்பட்டபோதும் அவ்வாறே கூறினார்கள். மணற்குன்றுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும் அளவு நீண்ட பின்னரே தொழுகை நடைபெற்றது. அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. வெப்பம் கடுமையாகும்போது லுஹரைச் சற்றுத் தாழ்த்தித் தொழுவதற்கு ஃபிக்ஹு நூல்களில் 'இப்ராத்' என்று பெயர். தொழுகையோ மார்க்கத்தின் தூண். அத்தூணின் நேரத்தையே அதன் எல்லைக்குள் வெப்பத்தின் பொருட்டுத் தள்ளி வைக்கலாம் எனில், ஓர் ஆலையின் வேலை நேரத்தைத் தள்ளி வைப்பதில் என்ன தடை இருக்க முடியும்?

மற்றொரு நிகழ்ச்சியும் புகாரியில் உண்டு. நபி (ஸல்) அவர்கள் உரையாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவர் யார் என்று விசாரித்தார்கள். அவர் பெயர் அபூ இஸ்ராயீல் என்றும், உட்காராமல், நிழலுக்குச் செல்லாமல், எவருடனும் பேசாமல் நோன்பு நோற்பதாக அவர் நேர்ச்சை செய்திருப்பதாகவும் தோழர்கள் கூறினர். அவர் பேசட்டும், நிழலுக்கு வரட்டும், உட்காரட்டும், நோன்பை மட்டும் நிறைவு செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். நோன்பு வணக்கம், ஆகவே அது நிலைநிறுத்தப்பட்டது. வெயிலில் நிற்பது வணக்கம் அன்று. ஆகவே அது நீக்கப்பட்டது. எது இபாதத், எது வெறும் வருத்தம் என்பதைப் பிரித்தறியும் அளவுகோலை இந்நிகழ்ச்சி நம் கையில் தந்துவிடுகிறது.

நிழலை அளந்த முன்னோர்

நம் இமாம்கள் இந்த வழிகாட்டுதலை நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். கோடையில் லுஹரைத் தாழ்த்தித் தொழுவதை ஹனஃபி மத்ஹபினர் பொதுவாகவே விரும்பத்தக்கதாகக் கருதுகின்றனர். ஷாஃபி மத்ஹபின் நூல்களோ, வெப்பமான நாட்டில், தொலைவிலிருந்து வெயிலில் நடந்து ஜமாஅத்துக்கு வருவோர் இருக்கும்போது இப்ராத் சுன்னத் என்கின்றன. சுவர்களின் நிழல் நடப்பவருக்குப் போதுமான அளவு விழும்வரை தாழ்த்தலாம் என்பது அவர்கள் தரும் அளவு. இதனைக் கூர்ந்து கவனியுங்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டில் வசிப்பவரின் வசதியை அந்த ஃபுகஹாக்கள் அளவாகக் கொள்ளவில்லை. தொலைவிலிருந்து நடந்து வருபவரின் தலைக்கு மேல் நிழல் இருக்கிறதா என்பதையே கணக்கில் எடுத்தார்கள்.

நிழலை அளக்கும் பழக்கத்துக்கு நம் மாவட்டத்திலேயே ஓர் அடையாளம் நிற்கிறது. டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை கட்டி வணிகம் செய்த பழவேற்காட்டில், நம் முன்னோர் துணி வணிகத்திலும் கடல் வணிகத்திலும் ஈடுபட்டிருந்தனர். அவ்வூரின் சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களை அறிவதற்கான நிழற்கடிகாரம் உள்ளது. மின்கடிகாரம் வந்த பிறகு அதனை நாம் ஒரு பழம்பொருளாக மட்டும் பார்க்கிறோம். அதனைப் பயன்படுத்தியவர்களோ, சூரியன் எங்கே நிற்கிறது, நிழல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை நாள்தோறும் கண்ணால் கண்டு வாழ்ந்தவர்கள்.

நிழலுக்கு அடுத்தது நீர். அப்பாஸிய கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார், ஹஜ்ஜுப் பயணிகள் தண்ணீருக்குப் படும் துன்பத்தைக் கண்டு, மக்காவுக்கும் அரஃபாத்துக்கும் நீர் கொண்டுவரும் கால்வாயை அமைத்தார். கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாலைவழியில் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமையவும் உதவினார். அவர் மறைந்தது கி.பி. 831இல். அவர் பெயரிலான நீர்வழி அதன் பின்னரும் பல நூற்றாண்டுகள் ஹாஜிகளின் தாகம் தணித்தது. வெப்பத்தை எதிர்கொள்ளப் பயணிகளுக்குப் பொறுமையைப் போதிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. பொறியாளர்களையும் கல்தச்சர்களையும் அனுப்பினார்.

சென்னையில் தொடங்கிய கணக்கு

இனி நம் மண்ணுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவினர். 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் பதியப்பட்டன. நாடு முழுமைக்குமான வானிலை ஆய்வுத் துறை 1875இல் தோன்றியது. புயலும் மழையும் வறட்சியும் இக்குறிப்புகளில் பேரிடர்களாக இடம்பெற்றன. வெயிலோ நெடுங்காலம் வெறும் ஓர் எண்ணாகவே இருந்தது. புயல் வீட்டைப் பெயர்த்துச் செல்கிறது. வெள்ளம் ஊரை மூழ்கடிக்கிறது. வெப்பம் எதையும் இடித்துத் தள்ளுவதில்லை. முதியவர் ஒருவர் தூக்கத்திலேயே இறந்தால் வயது என்பர். தொழிலாளி ஒருவர் சரிந்து விழுந்தால் மாரடைப்பு என்பர். ஆகவே வெயிலின் கணக்கு எழுதப்படாமலேயே போயிற்று.

இன்று வானிலைத் துறை வெப்ப அலையை வரையறுத்துள்ளது. சமவெளியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டி, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ கூடினால் அது வெப்ப அலை. கடலோரத்தில் 37 டிகிரியை எட்டி, அதே அளவு கூடினாலே போதும். கடலோரத்துக்குக் குறைந்த வரம்பு வைத்ததற்குக் காரணம் உண்டு. நம் உடல் தன் வெப்பத்தை வியர்வையின் மூலமே வெளியேற்றுகிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை வழிந்தோடுமே தவிர ஆவியாகாது. எனவே பழவேற்காட்டின் 38 டிகிரி, உள்நாட்டின் 42 டிகிரிக்கு இணையான தீங்கை விளைவிக்கக்கூடும்.

நம் பகுதியின் கோடைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. முற்பகலில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழைந்தால் வெப்பம் தணியும். மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்றைத் தடுத்துவிட்டால், கடலோரமும் உலையாகும். கடலிலிருந்து தொலைவில் உள்ள திருத்தணிக்குக் கடற்காற்று தாமதமாகவே சென்று சேரும். சில நாள்களில் சேராமலும் போகும்.

2003ஆம் ஆண்டு மே மாதத்தில் இது கண்கூடாக நிகழ்ந்தது. அம்மாதத்தின் நடுவில் வங்கக் கடலில் உருவான புயல் மியன்மாரை நோக்கிச் சென்றது. இலங்கையில் பெருவெள்ளத்தையும் நிலச்சரிவையும் ஏற்படுத்தியது. நம் பக்கத்துக்கோ அது மழையைத் தரவில்லை; இருந்த ஈரத்தையும் இழுத்துச் சென்றது. அதனைத் தொடர்ந்து ஆந்திரத்தில் வீசிய வெப்ப அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மே 31ஆம் தேதி சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கத்துக்கு அப்பால் ஆந்திர எல்லை. வெயிலுக்கு அந்த எல்லை தெரியாது. ஆனால் எல்லைக்கு அப்பால் எண்ணப்பட்டவர்களை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

எண்ணத் தொடங்கிய ஊர்கள்

1998இல் ஒடிசாவில் வெப்பம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதன் பின்னரே அம்மாநிலம் கோடையில் வேலை நேரத்தையும் பள்ளி நேரத்தையும் மாற்றியமைத்தல், தண்ணீர்ப் பந்தல் அமைத்தல், ஊர்தோறும் எச்சரித்தல் ஆகியவற்றைத் தொடங்கியது.

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. வெப்பத்தால் இறந்தோர் என்று அன்று பதிவானவர்கள் மிகச் சிலரே. பின்னர் ஆய்வாளர்கள் வேறொரு வழியில் கணக்கிட்டனர். மற்ற ஆண்டுகளின் மே மாதங்களில் அந்நகரில் எத்தனை பேர் இறந்தனர், அந்த மே மாதத்தில் எத்தனை பேர் இறந்தனர் என்று ஒப்பிட்டபோது, 1,344 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்திருந்தது தெரியவந்தது. மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை நடைமுறைப்படுத்தியது. முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவமனைகளில் ஆயத்தம், குடிநீர், நிழலிடங்கள் என்பனவே அத்திட்டம். ஒரு மருத்துவமனையில் மேல்தளத்தில் இருந்த பச்சிளங் குழந்தைகள் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதே பல குழந்தைகளைக் காத்தது. இத்திட்டத்தால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டதாகப் பின்வந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும் பணம் தேவைப்படாத வேலைகள் இவை. முன்னரே யோசித்தவர்கள் இருந்தார்கள் என்பதே வேறுபாடு.

ரமளானில் கராச்சி, ஹஜ்ஜில் மக்கா

முஸ்லிம்களாகிய நாம் மறக்கக் கூடாத இரண்டு நிகழ்ச்சிகள் அண்மைக் காலத்தவை.

2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ரமளானின் தொடக்க நாள்களிலேயே, கராச்சி நகரில் வெப்பம் 45 டிகிரியை நெருங்கியது. அது கடலோர நகரம். ஆயினும் அரபிக் கடலில் ஏற்பட்ட காற்றழுத்தத் தாழ்வு கடற்காற்றை அடக்கிவிட்டது. மின்தடையும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிணவறைகள் நிரம்பி வழிந்தன. உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில் உள்ளோர் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம் என்று மார்க்க அறிஞர்கள் அறிவித்தனர்.

அச்சலுகை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆன் தந்த சலுகையின் அடிப்படையில், கடும் உழைப்பாளிகளின் நிலையையும் ஃபுகஹாக்கள் ஆராய்ந்துள்ளனர். அறுவடை போன்ற கடும் வேலை செய்வோர் இரவில் நோன்புக்கு நிய்யத் வைத்துக்கொள்ள வேண்டும். பகலில் தாங்க முடியாத துன்பம் நேர்ந்தால் நோன்பை முறித்துப் பின்னர் களாச் செய்யலாம் என்று ஷாஃபி நூல்கள் கூறுகின்றன. நூல்களில் இருந்த இச்சட்டம் வீடுகளுக்குச் சென்று சேர்ந்திருந்ததா என்பதுதான் கேள்வி. மயக்கம் வரும்வரை நோன்பைப் பிடித்து வைப்பதே மனவுறுதி என்று எண்ணும் பெரியவர்கள் நம் குடும்பங்களிலும் உள்ளனர். அபூ இஸ்ராயீலின் நிகழ்ச்சியை அவர்களுக்கு நாம்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது, ஜூன் 17ஆம் தேதி, மஸ்ஜிதுல் ஹராமில் 51.8 டிகிரி பதிவானது. அந்த ஹஜ்ஜுக் காலத்தில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள். குளிரூட்டப்பட்ட கூடாரங்களும் பேருந்துகளும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிழலின்றி நெடுந்தூரம் நடந்தார்கள். அதே ஊர், அதே நாள், அதே வெயில். கூடாரத்துக்குள் இடம் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகத் திரும்பினர். வெளியே நின்றவர்களே மிகுதியாக மடிந்தனர். பிலால் (ரலி) அவர்களின் காலத்து மக்காவைப் பற்றி நாம் முன்னர் கூறிய சொல்லை இங்கே மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. அனுமதியின்றி ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்வதாக ஆசை காட்டும் முகவர்களிடம் நம் மக்கள் எச்சரிக்கையாக இருப்பதும் அவசியம்.

நம் வாசலில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரோலிங் மில்களிலும் உருக்கு உலைகளிலும் பணிபுரிவோருக்கு வெப்பம் இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. வானத்திலிருந்து வருவது ஒன்று. உலையிலிருந்து வருவது மற்றொன்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அங்கே பெருமளவில் உள்ளனர். அவர்களில் நம் மார்க்கச் சகோதரர்களும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் நம் பள்ளிவாசல்களின் பின்வரிசைகளில் அவர்களைக் காண்கிறோம். திருவள்ளூர்ப் பகுதியின் செங்கற் சூளைகளில் குடும்பத்தோடு உழைப்போரும், செங்குன்றத்து அரிசி ஆலைகளின் களங்களில் நெல் காய வைப்போரும் இதே வெயிலில்தான் நிற்கின்றனர். வேலை முடிந்து இவர்கள் திரும்பும் அறைகளில் பல தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ கொண்டவை. பகலில் சேர்ந்த வெப்பம் இரவிலும் அங்கே தணிவதில்லை. இரவில் உடல் குளிராவிட்டால், மறுநாள் வெயிலை அது முந்தைய நாளின் சுமையோடு எதிர்கொள்ள நேரிடும்.

மருத்துவர்கள் மற்றொன்றையும் வலியுறுத்துகின்றனர். வெப்பத்தில் உழைக்க உடல் பழகுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே புதிதாக வேலைக்கு வந்தவரும், ஊருக்குச் சென்று பல வாரங்கள் கழித்துத் திரும்பியவரும் முதல் சில நாள்களிலேயே மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகின்றனர். அவர்களுக்குத் தொடக்கத்தில் குறைந்த நேர வேலையே தரப்பட வேண்டும். நடைமுறையிலோ, புதியவர் தம் உழைப்பைக் காட்டுவதற்காக ஓய்வு கேட்கவே தயங்குகிறார்.

250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் கோடையில் குடிநீரைக் குளிர்வித்துத் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே கூறியிருந்தது. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்த நம் சகோதரர்கள் அங்குள்ள நண்பகல் வேலைத் தடையை அறிவார்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பிற்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது. சவூதியில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை அதே தடை. சிறு பட்டறையோ கட்டட வேலையோ கடையோ நடத்தும் நம் சமுதாய முதலாளிகள் இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பணியாளர்கள் மீது அவர்களின் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது என்பதும், ஏற்றினால் நாமே அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்பதும் நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குக் கூறிய அறிவுரை. தபூக்கின் பாதையில் நபியவர்கள் தம் தோழர்களுடன் தாமும் அதே வெயிலில் பயணம் செய்தார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி சென்னை மெரினாவில் நடைபெற்ற வான்படைச் சாகச நிகழ்ச்சிக்குப் பெருந்திரளாகக் கூடியவர்களில் ஐவர் உயிரிழந்தனர். அது கத்திரிக் காலம்கூட அன்று. நெரிசலும் நீரின்மையும் சேர்ந்தால் கோடை அல்லாத நாளிலும் வெயில் கொல்லும். அதே மாதத்தில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தோரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறப்புக்கு வெப்பமே காரணம் என்பது மட்டும் முறைப்படி சான்றளிக்கப்பட வேண்டும்.

இங்கே நம் சமுதாயம் குறிப்பாகச் சிந்திக்க வேண்டிய ஒன்று உள்ளது. மையித்தை விரைந்து நல்லடக்கம் செய்வது சுன்னத். அந்த விரைவில், வெயிலில் சரிந்து இறந்தவரை மருத்துவரிடம் காட்டாமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து, அஸருக்குள் அடக்கம் செய்துவிடுகிறோம். திடீர் மரணம் நேர்ந்தால், மரணம் உறுதிப்படும்வரை பொறுத்திருக்குமாறு ஃபிக்ஹு நூல்களே கூறுகின்றன. ஆகவே மருத்துவரை அழைத்து, எங்கே, எந்த நேரத்தில், எந்த வேலையின்போது விழுந்தார் என்பதைச் சொல்லி, காரணத்தைப் பதிவு செய்வது சுன்னத்துக்கு முரணானதன்று. அந்தப் பதிவு இல்லாவிட்டால் விதவைக்கும் யத்தீம்களுக்கும் சேர வேண்டிய உரிமை போய்விடுகிறது. அகமதாபாத்தில் 2010க்கு முன் நடந்தது போல, நம் ஊரின் மரணங்களும் கணக்கில் வராமல் போய்விடுகின்றன.

பள்ளிவாசல் செய்யக்கூடியவை

நம் ஜமாஅத்துகளின் கையில் மூன்று பொருள்கள் உள்ளன: நேரம், நிழல், நீர்.

கடும் வெப்ப நாள்களில் லுஹர் ஜமாஅத்தை அதன் வக்துக்குள் சற்றுத் தாழ்த்துவது பற்றி இமாமும் நிர்வாகிகளும் கலந்து முடிவு செய்யலாம். ஜும்ஆவில் உரையைச் சுருக்குவது நபிவழியே. 2024ஆம் ஆண்டுக் கோடையில் இரு புனிதப் பள்ளிகளிலும் ஜும்ஆ உரையும் தொழுகையும் சுருக்கப்பட்டன. வெளி முற்றத்தில் வெயிலில் தொழுவோரை மனத்தில் கொண்டு மிம்பரில் நிற்பவர் தம் உரையை அளந்துகொள்ள வேண்டும். மக்தப் மதரஸாவின் கோடை வகுப்புகளைக் காலை 10 மணிக்குள் முடித்துவிடலாம். பிள்ளைகளை மேல்மாடித் தகரக் கூரையின் கீழ் அமர்த்தாதிருக்கலாம்.

லுஹர் முடிந்ததும் பள்ளிவாசலைப் பூட்டும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. கோடையில் அஸர் வரை ஒரு பகுதியையேனும் மின்விசிறியுடன் திறந்து வைத்தால், வழிப்போக்கரும் தொழிலாளியும் தலை சாய்க்க இடம் கிடைக்கும். வாசலில் மண்பானைத் தண்ணீர் வைக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதனுடன் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் இருக்கட்டும். அதைக் குடிப்பவர் எந்த மதத்தவர் என்று பார்க்க வேண்டாம். தாயாரின் பெயரால் எந்த தர்மம் சிறந்தது என்று ஸஅத் பின் உபாதா (ரலி) கேட்டபோது, தண்ணீர் என்றே நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது உள்ளே வெப்பத்தைக் குறைக்கும் எளிய வழி.

தனியாக வசிக்கும் முதியவர்கள், சிறுநீர் பிரிய மாத்திரை உண்பவர்கள், நீரிழிவும் இதய நோயும் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் யார் யார் என்பதை மஹல்லாவின் பெண்கள் நன்கு அறிவர். வெப்ப எச்சரிக்கை வந்த நாளில் அவ்வீடுகளுக்கு ஒருவர் சென்று பார்த்து வருவது நோய் விசாரிப்பின் நன்மையைச் சார்ந்ததே.

வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகளை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை தொடக்கம். அந்நிலையில் நிழலும் ஓய்வும் உப்பு கலந்த நீரும் போதுமானவையாக இருக்கலாம். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, வலிப்போ மயக்கமோ வந்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் கடும் நிலை. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியை எட்டியிருக்கும். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுசென்று, உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். முதல் அரை மணி நேரத்தில் உடலைக் குளிர்விப்பதே பெரும்பாலும் உயிரைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கோடை தொடங்கும் முன் உங்கள் ஊர் ஜமாஅத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை முன்வையுங்கள். லுஹருக்குப் பின் பள்ளிவாசல் திறந்திருக்குமா? வாசலில் தண்ணீர் வைக்கும் பொறுப்பு யாருடையது? பின்வரிசையில் தொழும் வெளியூர்த் தொழிலாளர்கள் எங்கே உறங்குகிறார்கள் என்பது நமக்குத் தெரியுமா? இம்மூன்றுக்கும் விடை சொல்ல முடிந்த ஜமாஅத், நபி (ஸல்) அவர்கள் மணற்குன்றின் நிழலுக்காகக் காத்திருந்ததன் பொருளை விளங்கிக்கொண்ட ஜமாஅத் ஆகும்.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம்மைச் சுற்றி உழைப்போரையும் வெப்பத்தின் தீங்கிலிருந்து காப்பானாக. அவனுடைய நிழலன்றி வேறு நிழல் இல்லாத நாளில், பிறருக்கு நிழல் தந்தோரின் கூட்டத்தில் நம்மைச் சேர்ப்பானாக. ஆமீன்.